வெளிவட்டத்துக் குருத்தைத் தின்ற யாரோ

“யாரோ வெளிவட்டத்துக் குருத்தத் தின்னுட்டாங்க! தின்னது யாரா இருந்தாலும் நல்லா இருக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்!”

விடிந்ததும் விடியாததுமாக இப்படிக் கத்தினாள் சிலுப்பி. சிலுப்பி ஒரு காட்டுக்கோழி. கோபம் வந்தால் அவளுடைய கழுத்து இறகு மொத்தமும் சிலிர்த்துக்கொள்ளும். கோபம் வராத நேரம் குறைவு.

அவள் குடியிருந்தது ஆற்றங்கரையில் நின்ற பெரிய முள்மூங்கில் புதரில். அந்த மூங்கிலுக்குக் கணுவுக்குக் கணு வளைந்த முள். அடிப்பக்கம் கம்பி போல நீண்ட கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். நரி மூக்கை நுழைக்க முடியாது. சிறுத்தைகூட ஒரு தரம் முகர்ந்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் நடுவில் மட்டும் உதிர்ந்த இலையும் காய்ந்த மடலும் மெத்தை போலக் கிடக்கும். அந்த மெத்தையில் சிலுப்பி அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

போன தடவை அவள் பாறையோரம் இட்ட முட்டைகள் ஒன்றுகூடப் பொரியவில்லை. எல்லாம் நரி வயிற்றுக்குப் போயிற்று. அதனால்தான் இந்தப் புதருக்கு வந்தாள். வந்தவள் இடம் கேட்டுக் கெஞ்சவில்லை. நேராகப் பேரம் பேசினாள்.

“வேரை அரிக்கிற கறையானை எல்லாம் நான் கொத்தித் தீர்க்கிறேன். நடுவுல ஒரு கூட்டுக்கு இடம் குடுங்க. உங்களுக்கும் நட்டமில்ல, எனக்கும் நட்டமில்ல.”

இடம் கிடைத்தது.

அந்தப் புதருக்கு ஒரு சட்டம் உண்டு. மழை விழுந்ததும் மூங்கில் குருத்துகள் மாட்டுக் கொம்பு மாதிரி மண்ணைப் பிளந்துகொண்டு வரும். உள்வட்டத்தில் முளைக்கும் குருத்து நெருக்கடியில் கோணிப் போகும். அதைத் தின்னலாம். வெளிவட்டத்தில் முளைப்பதைத் தொடக் கூடாது. அதுதான் ஓங்கி வளர்ந்து, கிளைத்து, முள் விட்டு, வேலியாக நிற்கும். பழைய மூங்கில் காய்ந்து சாயும்போது வெளியில் புதியது நின்றால்தான் உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கலாம்.

சட்டத்தைப் போட்டவர் காட்டுப்பன்றி. புதரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஆற்றோரப் பக்கம் அவருடைய படுக்கை. சட்டம் போட்டதும் அவர்தான், காவல் இருப்பதும் அவர்தான், குற்றம் நடந்தால் விசாரிப்பதும் அவர்தான்.

சிலுப்பி கத்திய கத்தலில் அண்ணாச்சி எழுந்து வந்தார். பின்னாலேயே முயல் துள்ளப்பனும் வந்தான்.

“என்னம்மா சிலுப்பி, காலங்காத்தால ஊரையே எழுப்புறே?”

“மேக்குப் பக்கம் வந்து பாருங்க அண்ணாச்சி! வெளிவட்டத்துல நல்லா நிமிந்து நின்ன குருத்து ஒண்ணைக்கூடக் காணோம்! அங்க இருக்கிற பழைய மூங்கில் ஏற்கெனவே காஞ்சு போச்சு. அது சாஞ்சா நரிக்குக் கதவைத் தொறந்து விட்ட மாதிரிதான்! என் முட்டை என்ன ஆகும்?”

அண்ணாச்சி மேற்குப் பக்கத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பெருமூச்சு விட்டார்.

“அநியாயம்! நாம போட்ட சட்டத்தை நம்ம கண்ணு முன்னாலேயே மீறியிருக்கான்!”

“அதானே!” என்றான் துள்ளப்பன். யார் எதைச் சொன்னாலும் அவன் சொல்வது அது ஒன்றுதான்.

“யாருன்னு கண்டுபிடிங்க அண்ணாச்சி!”

“கண்டுபிடிக்க என்ன இருக்கு? யோசிச்சுப் பாருங்க. இந்த முள்ளுக்குப் பயப்படாமப் போய் வர்றவன் யாரு? உடம்பு பூரா முள்ளு வச்சிருக்கிறவன்தானே!”

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அங்கே முள்ளன் என்ற முள்ளம்பன்றி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் தூங்குவது அவன் வழக்கம்.

“எழுந்திருடா!” என்றார் அண்ணாச்சி.

முள்ளன் கண்ணைக் கசக்கினான். விஷயத்தைச் சொன்னதும் விழித்தான்.

“நானா? நான் தின்னது உள்வட்டத்துக் கோணக் குருத்து. எல்லாரும் பாக்கத்தானே தின்னேன்!”

“குருத்து தின்னுற வாய்க்கு உள்வட்டம் வெளிவட்டம் தெரியுமா?”

“அதானே!”

எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது சிலுப்பிதான். “போடா வெளியே! என் குஞ்சுங்களோட வேலியத் தின்னுட்டு இங்கயே படுத்துத் தூங்குறியா? வெக்கமா இல்ல?”

முள்ளன் முட்களைச் சரசரவென்று உதறி மடக்கிக்கொண்டான். “போறேன். ஆனா தின்னது நானில்ல” என்று சொல்லிவிட்டு நடந்தான். அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றங்கரைப் பாறைச் சந்து ஒன்றில் போய் ஒதுங்கினான். மழைத் தண்ணீர் ஒழுகும் சந்து அது.

மழை தொடர்ந்தது. மேற்குப் பக்கம் புதிதாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. சிலுப்பி முட்டையை விட்டு இறங்கும்போதெல்லாம் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்க்கும்போதெல்லாம் அது வளர்ந்திருந்தது. அவளும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிம்மதியானாள்.

ஒரு காலை, அதையும் காணோம்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடினாள். முள்ளன்தான் இங்கே இல்லையே! அப்படியானால்?

சிலுப்பி முதலில் உள்வட்டத்துக்குப் போனாள். முள்ளன் முன்பு தின்ற இடத்தைப் பார்த்தாள். உளி வைத்துச் செதுக்கினாற்போல வெட்டு. மண்ணுக்குள் கிழங்கு அசையாமல் இருந்தது. பக்கத்திலேயே புது முளைகூடத் தெரிந்தது.

பிறகு மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே உளியும் இல்லை, செதுக்கலும் இல்லை. ஏர் ஓட்டின மாதிரி மண் புரண்டு கிடந்தது. கிழங்கே பெயர்ந்து போயிருந்தது. அறுந்த வேர்கள் மழையில் தொங்கின. பக்கத்து முள்ளில் கறுத்த, முரட்டு முடி நாலைந்து சிக்கியிருந்தது.

மூக்கால் மண்ணை உழுகிறவர் அந்தப் புதரில் ஒருவர்தான்.

சிலுப்பியின் இறகு மொத்தமும் எழுந்து நின்றது. “அண்ணா...” என்று கத்த வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? அவர் இல்லை என்பார். துள்ளப்பன் ‘அதானே’ என்பான். அப்படியே எல்லோரும் நம்பி அவரை விரட்டிவிட்டாலும் போன கிழங்கு திரும்பி வருமா? வேறு புதரிலிருந்து கிழங்கு எடுத்து வந்து நட வேண்டும். அதற்கு ஆழமாகக் குழி தோண்ட வேண்டும். கோழிக் காலுக்கு அது முடியுமா? முயலால் முடியுமா? அந்த மூக்கால்தான் முடியும்.

பெயர் அவள் கையில் இருந்த சரக்கு. கோபத்தில் அதை இனாமாகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் காற்று அடித்தது. மேற்குப் பக்கத்துப் பழைய மூங்கில் மடமடவென்று சாய்ந்தது. வேலியில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டைக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. நரி!

“என்ன சிலுப்பியக்கா, வாசலை அகலப்படுத்தி வச்சிருக்கீங்க? நான் வரப் போறேன்னு தெரியுமாக்கும்!”

“அது வாசல் இல்லடா! வந்தே, கண்ணைக் கொத்திப்புடுவேன்!”

“ஒரு கண்ணு போனாலும் இன்னொண்ணால முட்டை தெரியுமே!”

நரி மூக்கை நுழைத்தது. தலையை நுழைத்தது. கழுத்தையும் நுழைத்தது. சிலுப்பி பாய்ந்து அதன் மூக்கில் கொத்தினாள். “அண்ணாச்சி! அண்ணாச்சி!” என்று அலறினாள். காவல்காரர் படுக்கையில் இல்லை. எங்கோ மேயப் போயிருந்தார்.

அப்போது கிலுகிலுவென்று ஒரு சத்தம். ஓட்டைக்கு வெளியே யாரோ பின்புறமாகவே நடந்து வந்து நரியை இடித்தார்கள்.

“ஐயோ! என் இடுப்பு!” நரி துள்ளித் திரும்பியது. திரும்பிய மூக்கிலும் இரண்டு முள் ஏறியது. “ஐயோ! என் மூக்கு!” என்று ஊளையிட்டுக்கொண்டே ஆற்றைத் தாண்டி ஓடியது.

ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றவன் முள்ளன்.

சிலுப்பி மெதுவாகக் கூப்பிட்டாள். “உள்ள வா தம்பி.”

“வரமாட்டேன் மதினி.”

“நீ தின்னலன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நானும்தான் கத்தினேன். அது என் தப்பு.”

“சொல்லிட்டீங்க. உங்க பங்கு தீந்துச்சு. பழியைப் போட்டவரு வந்து எடுக்கட்டும். அது வரைக்கும் எனக்குப் பாறைச் சந்தே போதும்.”

“அவ்வளவு ரோசக்காரன், இப்ப மட்டும் ஏன் வந்தே?”

“யாரு யாரைத் திட்டினாங்கன்னு முட்டைக்குத் தெரியுமா மதினி?”

அண்ணாச்சி திரும்பி வந்து படுத்த பிறகுதான் அவன் அந்த இடத்தை விட்டு நகர்ந்தான்.

மறுநாள் காலை சிலுப்பி சாய்ந்த மூங்கில் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினாள்.

“குருத்தைத் தின்ன யாரோவுக்கு நாலு காலு!”

துள்ளப்பன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. இந்தத் தடவை அவன் ‘அதானே’ சொல்லவில்லை.

“யாரும்மா அது? பேரைச் சொல்லு, நான் விசாரிக்கிறேன்” என்றார் அண்ணாச்சி.

“பேரு இன்னும் தெரியல அண்ணாச்சி. காலு மட்டும்தான் தெரியுது.”

அடுத்த காலை மறுபடியும் ஏறினாள். “குருத்தைத் தின்ன யாரோவுக்குக் கறுப்பா, முரட்டுத்தனமா முடி!”

“என் முடி பஞ்சு மாதிரி மதினி! வேணும்னா தொட்டுப் பாருங்க!” என்று துள்ளப்பன் குதித்தான்.

அண்ணாச்சி முதுகு அரிப்பதுபோல ஒரு மூங்கிலில் தேய்த்துக்கொண்டார்.

அதற்கடுத்த காலை: “குருத்தைத் தின்ன யாரோவுக்கு மூக்குதான் மண்வெட்டி!”

அண்ணாச்சி தன் மூக்கில் ஒட்டியிருந்த ஈரமண்ணை அவசரமாகப் புல்லில் துடைத்தார். அன்று மத்தியானம் தனியாகச் சிலுப்பியிடம் வந்தார்.

“நாளைக்கு என்ன அடையாளம் சொல்லப் போறே?”

“வாயோரம் வளைஞ்ச பல்லு.”

“அவ்வளவு தூரம் போகணுமா?”

“வேண்டாம்னா வேற வழியும் இருக்கு.”

அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நான் என்ன செய்யட்டும் சிலுப்பி? உள்வட்டத்துக் குருத்தைத்தான் தின்னலாம்னு சட்டம். நான் உள்ள நுழைஞ்சா முதுகெல்லாம் கிழியுது. எனக்கு ஒரு குருத்துகூடக் கிடைக்காத சட்டம் அது!”

“சட்டத்தைப் போட்டதே நீங்கதானே!”

“போடும்போது ஒல்லியா இருந்தேன்.”

சிலுப்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் பேரம் படியாது.

“பசின்னு வந்து கேட்டிருந்தா உள்வட்டத்துக் குருத்தை முள்ளனே கடிச்சு வெளியே தள்ளியிருப்பான். கேக்கல. சரி, போகட்டும். அந்த ஓட்டையில எனக்கு மூங்கில் வேணும்.”

“மழைதான் பெய்யுதே, தானா முளைக்கும்.”

“கிழங்கையே தோண்டித் தின்ன இடத்துல எது முளைக்கும்? மேல்கரையில இன்னொரு முள்மூங்கில் புதர் இருக்குல்ல? அங்கேருந்து கிழங்கு எடுத்து வந்து இங்க நடணும்.”

“பாதி ஓட்டையை அடைச்சுத் தர்றேன்.”

“பாதி ஓட்டையில முழு நரி நுழையும். முழுசும்.”

“பாதிக்கு மேல கொஞ்சம்.”

“நாளைக்குக் காலையில, வாயோரம் வளைஞ்ச...”

“சரி, சரி! முழுசும்!”

அண்ணாச்சி அப்போதே வேலையில் இறங்கினார். மேற்குப் பக்கம் ஓட்டை நீளத்துக்கும் குழி பறித்தார். நல்ல ஆழமான குழிகள். பிறகு மேல்கரைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது வாயில் ஒன்றும் இல்லை. முதுகில் கீறல் மட்டும் இருந்தது.

“கிழங்கு எங்க?”

“வரமாட்டேங்குது சிலுப்பி! சுத்தி மண்ணை எல்லாம் தோண்டிட்டேன். குட்டிக் கிழங்கு தாய்க் கிழங்கோட ஒட்டிக் கிடக்கு. இழுத்தா அசையல. மேல மூங்கில் வேற பக்கத்துக் கிளையோட முள்ளுல மாட்டிக்கிட்டு நிக்குது.”

“ஒட்டியிருக்கிற இடத்தை அறுக்கணும். மேல மூங்கிலையும் ரெண்டு மூணு கணு விட்டு நறுக்கணும். நறுக்காம நட்டா காத்துக்குச் சாஞ்சு, வேர் பிடிக்காமக் காஞ்சு போகும்.”

“எதை வச்சு அறுக்க? என் பல்லு மண்ணைக் கிளறும், கட்டையை அறுக்காது.”

“உளி மாதிரிப் பல்லு யாருக்கு இருக்கு?”

அண்ணாச்சி ஆற்றுப் பக்கம் பார்த்தார். உடனே வேறு பக்கம் பார்த்தார்.

“நீயே போய்க் கூப்பிடேன்.”

“என் பங்கை நான் சொல்லிட்டேன். இது உங்க பங்கு.”

“எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?”

“எல்லார் முன்னாடியும்தானே அவனை வெளியே போகச் சொன்னீங்க?”

அண்ணாச்சி அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பறித்த குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. பிறகு அந்தத் தண்ணீரும் வற்றத் தொடங்கியது. மேற்கே மேகம் மெலிந்துகொண்டு வந்தது. ஈரம் போனால் நட்டும் பயனில்லை. அக்கரையில் நரி வீங்கிய மூக்கோடு உட்கார்ந்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் முள்ளன் வந்து ஓட்டையில் முதுகைக் கொடுத்து நிற்பான். யாரோடும் பேசமாட்டான்.

ஒரு காலை, சிலுப்பியின் வயிற்றுக்கடியில் முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் கூட்டில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சிக்கும் அந்தக் கீச்சு கேட்டது. எழுந்தார். உடம்பை உதறினார். ஆற்றுப் பக்கம் நடந்தார்.

புதரில் இருந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார்கள். துள்ளப்பன் முன்னால் நின்றான்.

அண்ணாச்சி பாறைச் சந்துக்கு முன்னால் போய் நின்றார்.

“என்ன முள்ளா... மழை பரவாயில்லல்ல?”

“பரவாயில்ல அண்ணாச்சி.”

“பாறை ரொம்பக் குளிருமே?”

“குளிருது.”

“அங்க மேல்கரையில ஒரு கிழங்கு அறுக்க வேண்டியிருக்கு. உன் பல்லு இருந்தா சுளுவா முடிஞ்சிடும்.”

“அந்தப் பல்லுதான் திருட்டுப் பல்லுன்னு சொன்னாங்களே அண்ணாச்சி.”

அண்ணாச்சி முன்காலால் மண்ணைக் கீறினார். வாயைத் திறந்தார். மூடினார்.

“அதானே!” என்றான் துள்ளப்பன். அன்றுதான் முதல் தடவையாக அவன் அதைச் சரியான இடத்தில் சொன்னான்.

புதருக்குள்ளிருந்து சிலுப்பியின் குரல் ஆற்றங்கரை வரைக்கும் வந்தது.

“அந்த யாரோவுக்குத்தான் சொல்றேன்! குருத்தைத் தின்ன அன்னைக்கு வாய் நல்லாத் தொறந்துச்சே, இப்ப என்ன பூட்டா போட்டிருக்கு? மழை போயிட்டா வராது! என் குஞ்சு முட்டையை உடைக்குது! ‘தின்னது நான், உன் மேல போட்டது பொய்’னு எல்லார் காதும் கேக்கச் சொல்லிட்டு, அந்தப் பையனைக் கூடவே கூட்டிட்டு வாங்க! வந்து கிழங்கை நடுங்க!”

தன் தப்பை அடுத்தவர் முதுகில் ஏற்றி வைத்தவர் யாராக இருந்தாலும், தின்றதைத் திரும்ப நடுவது மட்டும் போதாது, ஏற்றிய பழியையும் தன் வாயாலேயே இறக்கி வைக்கட்டும்!